கண்ணாடிப் பேழையுள் ஒரு கடல்

பெரியதொன்றைச் சிறிதாக்கிக் கண்டு மகிழ்தல் மக்கட்கு இயல்பு. சிறுவர் மணலிற் கட்டும் வீடும், நவராத்திரியிற் படிமீது வைக்கும் பொம்மையும், பொறியாளர் பாலங்கட்டுமுன் செய்து பார்க்கும் மாதிரியும் இவ்வியல்பின் வெவ்வேறு வெளிப்பாடுகளே. முன்னிரண்டும் கற்பனையின்பாற்பட்டன, பின்னது அளவின்பாற்பட்டது. அளவு புகுந்தவிடத்து விளையாட்டே கல்வியாகிவிடுகின்றது. கப்பல் ஒன்றை அளவு பிறழாது சிறிதாக்கி, மெய்யான கடல்போன்றதொரு பீடத்தின்மீது அமைத்துக் காட்டுங் கலை இப்பின்னதைச் சார்ந்தது. அதனைப்பற்றிச் சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய அமைப்பை மேனாட்டார் டயோராமா என்பர். அச்சொல் 1822-ஆம் ஆண்டில் டாகேர், பூட்டோன் என்னும் இருவர் பாரிஸ் நகரில் நிறுவிய காட்சிச்சாலையின் பெயராகத் தோன்றியது. அங்கே பெருந்திரைகளில் தீட்டிய ஓவியங்களின்மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, பகல் இரவாகும் தோற்றத்தைக் காட்டினர். பிற்காலத்தில் அச்சொல், பேழையுள் கனவுருவாக அமைக்கப்படும் காட்சிகட்கு உரியதாயிற்று. நாம் இதனைக் காட்சிப்பேழை என வழங்குவோம்.

இக்கலையிற் புகுவோரிற் பலர் கப்பலுக்கே தம் உழைப்பு முழுவதையும் ஈந்துவிடுகின்றனர். பீரங்கிகளையும், கயிறுகளையும், நங்கூரச் சங்கிலியின் கண்ணிகளையும் மாதக்கணக்கிற் செய்து முடித்து, ஈற்றில் ஒரு பலகைக்கு நீலம் பூசி அதன்மேற் கப்பலை ஒட்டிவிடுகின்றனர். காண்போர் அதனைப் பொம்மை என்று சொல்லிப் போய்விடுகின்றனர். காரணம் யாது? கடல் என்பது கப்பலின்கீழ் விரித்த கம்பளமன்று. கப்பல் என்ன வேகத்திற் செல்கின்றது, எத்திசை நோக்கிச் செல்கின்றது, காற்று எங்கிருந்து வீசுகின்றது என்னும் மூன்றனையும் சொல்லும் சாட்சி கடலே. சாட்சி பொய்யுரைப்பின் வழக்குத் தோற்கும். கடல் பொய்யாயின் கப்பலும் பொய்யாகும்.

எடுத்துக்கொண்ட கப்பல்

பொதுப்படப் பேசுவதினும் ஓர் எடுத்துக்காட்டைக்கொண்டு விளக்குதல் மாணவர்க்குப் பயன்தரும். ஆதலின், தமிழ்நாட்டார் பெயரளவிலேனும் அறிந்த எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலை எடுத்துக்கொள்வோம். தந்திரமும் துணிவும் மிக்க ஒருவனைச் 'சரியான எம்டன்' என்று நம்மவர் சொல்லும் வழக்கு இக்கப்பலினின்றே பிறந்தது.

எம்டன் 1908-ஆம் ஆண்டு மே மாதம் டான்சிக் நகரத்துக் கப்பற்கட்டுந்துறையிலிருந்து நீரில் இறக்கப்பட்டது. நீளம் 118 மீட்டருக்குச் சற்று மேல். அகலம் 13½ மீட்டர். நீருள் ஆழ்ந்திருக்கும் பகுதி ஏறக்குறைய 5½ மீட்டர். பத்துப் பீரங்கிகள், மூன்று புகைபோக்கிகள், நிலக்கரியால் எரியும் கொதிகலன்கள், இரண்டு நீராவி இயந்திரங்கள், பின்னே நீரைத் தள்ளும் இரண்டு சுழல் விசிறிகள். மணிக்கு 23½ கடல் மைல் வேகத்தில் ஓடவல்லது. அமைதிக் காலத்தில் வெண்ணிறம் பூண்டு, கீழ்த்திசையின் அன்னம் என்று புகழப்பட்டது. 1914-இல் போர் மூண்டபின் சாம்பல் நிறம் பூண்டது. கார்ல் பான் முல்லர் என்பார் அதன் தலைவர். அவ்வாண்டு செப்டம்பரில் வங்காள விரிகுடாவிற் புகுந்து வாணிகக் கப்பல்களைப் பிடித்த எம்டன், 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவிற் சென்னைக்கு எதிரே வந்து நின்று சுமார் 125 குண்டுகளை எறிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலங்கள் தீப்பற்றி எரிந்தன; துறைமுகத்தில் உயிரிழந்தோரும் உளர். நவம்பர் 9-ஆம் நாள், கோகோஸ் தீவுகளின் அருகே, ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னியின் குண்டுகட்கு ஆற்றாது, வடகீலிங் தீவின் பாறைமீது தானே ஏறி அழிந்தது. அப்போரில் அதன் மாலுமிகளுள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இக்கதையுள் நமக்கு வேண்டிய காட்சி ஒன்றே ஒன்று. காட்சிப்பேழை ஒரு கணத்தை மட்டுமே காட்டவல்லது. ஆதலின் அக்கணத்தை முதலில் வரையறுத்தல் வேண்டும். 1914 செப்டம்பர், வங்காள விரிகுடாவின் ஆழ்கடல், பகற்பொழுது, எம்டன் மேற்கு நோக்கி மணிக்கு 12 கடல் மைல் வேகத்திற் செல்கின்றது, தென்மேற்கிலிருந்து அதே அளவு வேகத்திற் காற்று வீசுகின்றது. நிலக்கரியைச் சிக்கனமாக எரித்து நெடுந்தூரம் செல்லுங்கால் அக்கப்பலுக்கு ஏற்ற வேகம் 12 கடல் மைல்; செப்டம்பரில் அக்கடலில் வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. ஆகவே இவ்விரண்டனையும் கொண்டோம். இவ்வைந்து செய்திகளையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியபின்னரே கத்தியைக் கையிலெடுத்தல் நன்று. இனி வரும் யாவும் அவற்றினின்று பிறப்பனவே.

அளவு

கப்பல் மாதிரி செய்வோர் 700-இல் ஒரு பங்கு, 350-இல் ஒரு பங்கு என்னும் இரண்டு அளவுகளைப் பெரிதும் கையாள்வர். நாம் இரண்டாவதைக் கொள்வோம். அவ்வளவில் எம்டனின் நீளம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டராகும்; அகலம் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறையும்; ஓர் ஆள் ஐந்து மில்லிமீட்டர் உயரம் நிற்பான்.

கப்பலை அளந்து சுருக்குவோர் கடலை அளந்து சுருக்க மறந்துவிடுகின்றனர். ஒரு மீட்டர் உயர்ந்த அலை இவ்வளவில் மூன்று மில்லிமீட்டரே. பலர் விரற்கடையளவு உயர்ந்த அலைகளைச் செய்துவிடுகின்றனர். அது மெய்க்கடலில் ஆறு அல்லது ஏழு மீட்டர் உயரமாகும். அத்தகைய பெருங்கொந்தளிப்பில் எம்டன் அணியம் தூக்கியும் தாழ்ந்தும் தத்தளிக்க வேண்டும். அவர்களது கப்பலோ மேசைமேல் வைத்த தட்டுப்போல அசையாது நிற்கின்றது. காண்போர்க்குக் கணக்குத் தெரியாது; ஆயினும் கண் அப்பொய்யை உடனே கண்டுகொள்கின்றது.

அணியம் என்றது கப்பலின் முன்பகுதியை. பின்பகுதியை அமரம் என்பர். இவை கடலோடுவோர் வழங்கும் நல்ல தமிழ்ச் சொற்களாதலின் இங்கும் கையாள்கின்றோம்.

கப்பல் எழுப்பும் அலை

ஓடுங் கப்பலைச் சுற்றி இருவகை அலைகள் உள. ஒன்று கப்பலே எழுப்புவது. மற்றொன்று காற்று எழுப்புவது. இவ்விரண்டனையும் பிரித்தறிதலே இக்கலையின் அரிச்சுவடி.

கப்பல் எழுப்பும் அலையின் வடிவை 1887-இல் கெல்வின் பிரபு கணித முறையால் விளக்கினார். ஆழ்ந்த நீரில் ஓடுவது வாத்தாயினும் போர்க்கப்பலாயினும், அதன் பின்னே அலைகள் ஒரு முக்கோணப் பரப்புக்குள் அடங்கி நிற்கும். அம்முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் கப்பல் செல்லும் கோட்டிற்கு ஏறக்குறைய 19½ பாகை சாய்ந்திருக்கும் என்பது அவர் கண்ட முடிபு. ஆகவே 34 சென்டிமீட்டர் நீளமுள்ள நம் கப்பலின் அணியத்தினின்று புறப்படும் அலைகள், அமரத்தை எட்டுங்கால் இருபுறமும் பன்னிரண்டு சென்டிமீட்டர் விரிந்திருக்கும். பீடம் 60 சென்டிமீட்டர் நீளமும் 35 சென்டிமீட்டர் அகலமும் உடையதாய் இருத்தல் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும். பீடம் குறுகினால் அலை பாதியில் அறுபடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முக்கோணத்தின் இரு பக்கங்களும் நேராக ஓடும் இரு வரப்புகள் அல்ல. அவை குறுகிய அலைமுகடுகள் பல, ஒன்றன்பின் ஒன்றாக, ஓடு வேய்ந்தாற்போல அடுக்கி நிற்பதால் உண்டாகும் தோற்றமே. ஒவ்வொரு சிறு முகடும் கப்பலின் வழிக்கு ஏறக்குறைய 55 பாகை சாய்ந்து கிடக்கும். இருபுறமும் நீண்ட வரப்பெடுத்து ஏர்க்கால்போல் அமைப்பது பலர் கையாளும் வழி. அது கடலில் காணப்படாத வடிவம்.

இனி, முக்கோணத்தின் உள்ளே கப்பலின் வழிக்குக் குறுக்காகச் சில அலைகள் நிற்கும். இவற்றின் இடைவெளியை வேகமே உறுதிசெய்கின்றது, கப்பலின் பருமனன்று. 12 கடல் மைல் வேகத்தில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே சுமார் 24½ மீட்டர். நம் அளவில் ஏழு சென்டிமீட்டர். ஆகவே எம்டனின் விலாவை ஒட்டி ஐந்து முகடுகள் மெல்லென எழுந்து தாழும். அதே கப்பல் முழுவேகமாகிய 23½ கடல் மைலில் ஓடுமாயின் இடைவெளி 94 மீட்டராகிவிடும். அப்போது அணியத்தருகே ஒரு முகடும், நடுவே நீண்ட பள்ளமும், அமரத்தை நெருங்குகையில் மற்றொரு முகடுமே தோன்றும். கப்பலின் விலாவிலுள்ள முகடுகளை எண்ணி அதன் வேகத்தைச் சொல்லிவிடலாம் என்பது இதனால் விளங்கும். கடல் சாட்சி என்று நாம் மேலே கூறியது வெறும் அணியுரையன்று.

இவற்றை நம்ப விரும்பாத மாணவர் நேரே சோதித்தறியலாம். 1872-இல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் வில்லியம் புரூட் என்னும் பொறியாளர் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்துச் சிறு மாதிரிகளை இழுத்துப் பெருங்கப்பல்களின் இயல்பைக் கண்டறிந்தார். மாதிரியின் நீளம் 350-இல் ஒரு பங்காயின், அதன் வேகத்தை 350-இன் வர்க்கமூலமாகிய 18.7-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். அப்போது இரண்டும் எழுப்பும் அலைகள் ஒரே வடிவின என்பது அவர் நிறுவிய விதி. அதன்படி எம்டனின் 12 கடல் மைல், நம் மாதிரிக்கு நொடிக்கு 33 சென்டிமீட்டராகும். அதாவது, மாதிரி ஒரு நொடியில் தன் நீளத்தளவு செல்லவேண்டும். அடிப்பகுதி முழுமையும் உள்ள மரமாதிரி ஒன்றை நூலிற் கட்டி, காற்றில்லாத காலைவேளையில் ஒரு தொட்டியில் இவ்வேகத்தில் இழுத்து மேலிருந்து புகைப்படம் எடுத்துக்கொண்டால், நாம் செதுக்கவேண்டிய அலைகளை நீரே வரைந்து காட்டிவிடும். ஒன்றை மட்டும் நீர் காட்டாது, அது நுரை. நீர்த்துளியின் பருமனும் நீர்ப்பரப்பின் இழுவிசையும் நம் விருப்பத்திற்கேற்பச் சுருங்குவனவல்ல. சிறு மாதிரிகளைக் குளத்தில் ஓடவிட்டு எடுத்த பழைய திரைப்படங்களிற் கப்பல் பொம்மையெனத் தோன்றுவது இதனாலேயே. அங்கே தெறிக்கும் ஒவ்வொரு துளியும் பூசணிக்காய் அளவினதாய்த் தோன்றும். அசையாத கடலைச் செய்யும் நமக்கு அத்தொல்லை இல்லை. நுரையை வேண்டிய நுண்மையில் நாமே தீட்டிக்கொள்ளலாம்.

காற்று எழுப்பும் அலை

காற்றின் வேகத்தையும் கடலின் தோற்றத்தையும் இணைத்துக் கூறும் அளவுமுறையை 1805-இல் பிரான்சிஸ் போபோர்ட் என்னும் கடற்படை அதிகாரி வகுத்தார். பின்வந்தோர் அதனை விரித்தனர். மணிக்கு 11 முதல் 16 கடல் மைல் வரை வீசும் காற்று அம்முறையில் நான்காம் எண்ணைப் பெறும். அப்போது அலைகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரும்; வெண்முகடுகள் அடிக்கடி தோன்றும்; ஆயினும் நுரை கோடுகோடாக நீண்டு பரவாது. அத்தகைய நுரைக்கோடுகள் ஏழாம் எண்ணுக்குரியவை. நம் காட்சிக்கு வேண்டியது நான்காம் எண்ணே: மூன்று மில்லிமீட்டர் உயரமும், ஐந்தாறு சென்டிமீட்டர் இடைவெளியும் உள்ள அலைகள்; ஆங்காங்கே வெண்முகடு. அலையின் முகடு கூர்மையாகவும் பள்ளம் அகன்றும் இருத்தல் வேண்டும். ஆயினும் முகட்டின் கூர்மை 120 பாகையினும் ஒடுங்காது. உயரம் இடைவெளியின் ஏழிலொரு பங்கை விஞ்சாது. அதற்குமேல் அலை உடைந்துவிடும்.

திசையோ மிக இன்றியமையாதது. தென்மேற்கிலிருந்து வரும் அலைகள், மேற்கு நோக்கிச் செல்லும் கப்பலின் இடப்புற அணியத்திற் சாய்வாக வந்து மோதும். அப்புறத்தில் நீர் சற்று மிகுதியாகத் தெறிக்கும். வலப்புறம், கப்பலின் மறைவால், சற்று அமைதியாயிருக்கும். ஆனால் கொடியும் புகையும் தென்மேற்குக் காற்றுக்கு நேரெதிராகப் பறக்கமாட்டா. கப்பல் தன் ஓட்டத்தால் எதிரே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கின்றது. மெய்க்காற்றும் அவ்வெதிர்காற்றும் சேர்ந்த விளைவையே கொடியும் புகையும் உணரும். இரண்டும் 12 கடல் மைல் வேகத்தினவாதலின், விளைகாற்று அவற்றின் நட்டநடுவே, அணியத்தினின்று 22½ பாகை இடப்புறமாக வரும். ஆகவே கொடி பின்னோக்கி, வலப்புறம் 22½ பாகை சாய்ந்து பறத்தல் வேண்டும். அலை ஒரு திசையும் கொடி மற்றொரு திசையும் காட்டுதல் பிழையன்று. இரண்டும் ஒரே திசையைக் காட்டுவதே பெரும்பாலும் பிழையாகும்.

நீரின் நிறம்

கடல் ஏன் நீலமாயிருக்கின்றது என்னும் வினாவிற்கு வானத்தின் நிழலே காரணமென்று முன்னோர் எண்ணினர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. ராமன், 1921-ஆம் ஆண்டுக் கப்பற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்து, நீர்ப்பரப்பினின்று மீளும் ஒளியைப் படிகத்தால் விலக்கிப் பார்த்தார். வானத்தின் நிழல் நீங்கியபின்னும் நீலம் நின்றது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச்செய்வதை அவர் எடுத்துக்காட்டினார். நீர் செந்நிற ஒளியை விழுங்கிவிடுவதும் அந்நீலத்திற்குப் பெருங்காரணமென்று இன்று அறிகின்றோம்.

இவ்வறிவு தூரிகை பிடிப்போர்க்கு நேரே பயன்படும். நீரை நேர்மேலிருந்து நோக்கினால், மேற்பரப்பிற் பட்டு மீளும் ஒளி நூற்றில் இரண்டு பங்கே. ஆகவே நீரின் சொந்த நிறமாகிய ஆழ்ந்த நீலமே கண்ணிற் படும். சாய்வாக நோக்க நோக்க மீளும் ஒளி மிகும். அடிவானத்தருகே கடல் ஏறக்குறைய வானத்தின் நிறத்தையே காட்டும். நம் பேழையை முப்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நோக்குபவர், கணக்கின்படி, கடலுக்கு நூறு மீட்டருக்குமேல் நின்று நோக்குபவராவர். ஆதலின் பலரும் பூசும் வானநீலம் இங்குப் பொருந்தாது. கருமை கலந்த ஆழ்நீலத்தை அடிநிறமாகப் பூசி, அலைமுகட்டை அணுக அணுகச் சிறிது பசுமை கலந்து வெளுக்கச் செய்தல் வேண்டும். சுழல் விசிறிகள் காற்றையும் நீரையும் கலக்குவதால் அமரத்தின் பின்னே மட்டும், கப்பலின் அகலமளவாக, வெளிர்பசுமை நிறப்பாதை ஒன்று நெடுந்தூரம் தொடரும். அப்பாதையில் அலைகள் அடங்கி, பரப்பு ஏறக்குறைய வழவழப்பாயிருக்கும்.

பீடம் செய்யும் முறை

தடித்த ஒட்டுப்பலகை ஒன்றை முற்கூறிய அளவில் அறுத்து, ஈரம் ஏறாதபடி இருபுறமும் வார்னிஷ் பூசிக்கொள்க. அதன்மேல் இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள நுரைப்பலகையை ஒட்டுக. மணிமணியாக உதிரும் சாதாரணத் தெர்மோகோலினும், நெருக்கமாக வார்த்த கெட்டிப்பலகை செதுக்குதற்கு ஏற்றது. கப்பலைப் பீடத்தின் விளிம்புகட்கு இணையாக வையாது சிறிது சாய்த்து, பின்புறம் மிகுதியான இடம்விட்டு வைத்து, நீர்க்கோட்டின் வடிவைப் பென்சிலால் வரைந்துகொள்க. நீர்க்கோட்டுக்குக் கீழே அறுக்கப்பட்ட மாதிரியாயினும், மூன்று மில்லிமீட்டர் ஆழத்திற்குக் குழிவெட்டி அதனுட் பொருத்துதல் வேண்டும். நீர்மேல் வைத்த கப்பலுக்கும் நீருள் அமர்ந்த கப்பலுக்கும் உள்ள வேற்றுமை இக்குழியில் அடங்கியிருக்கின்றது.

அடுத்து, கப்பலின் வழி, முக்கோணத்தின் பக்கங்கள், ஏழு சென்டிமீட்டர் இடைவெளியுள்ள குறுக்கலைகள், தென்மேற்கிலிருந்து வரும் காற்றலைகள் ஆகியவற்றை வெவ்வேறு நிறப் பென்சில்களால் நுரைப்பலகைமேல் வரைக. இருவகை அலைகளும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிச்செல்லும். முகடும் முகடும் கூடுமிடத்தில் உயரம் மிகும். முகடும் பள்ளமும் கூடுமிடத்திற் சமனாகும். கூரிய கத்தியாலும் உப்புத்தாளாலும் பள்ளங்களைத் தேய்த்தெடுத்தால் முகடுகள் தாமே நிற்கும்.

செதுக்கிய பரப்பின்மேல் மெல்லிய திசுத்தாளைச் சிறுசிறு துண்டுகளாகப் பரப்பி, நீர்கலந்த வெள்ளைப் பசையைத் தூரிகையால் தோய்த்து அழுத்துக. ஈரத்தாள் சுருங்குங்கால் உண்டாகும் நுண்சுருக்கங்கள், காற்றில் நடுங்கும் நீர்ப்பரப்பைப் பெரிதும் ஒத்திருக்கும். சுருக்கங்கள் காற்றுக்குக் குறுக்காக ஓடும்படி விரலால் நீவிவிடுதல் நன்று. இரண்டு நாள் உலரவிட்டபின் நீரிற் கரையும் அக்ரிலிக் வண்ணங்களைப் பூசுக. தின்னர் கலந்த வண்ணங்களும் தெளிப்பான் குப்பிகளும் நுரைப்பலகையை உருக்கிவிடுமாதலின் அவற்றை அணுகவிடுதல் கூடாது.

நிறம் உலர்ந்தபின், ஓவியக் கடைகளிற் கிடைக்கும் பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லை மெல்லிய பூச்சுகளாக இடுக. ஈரமாயிருக்குங்கால் பால்போல் வெளுத்திருக்கும் அது, உலர்ந்தபின் கண்ணாடிபோல் தெளியும். ஒரு பூச்சு முற்றும் தெளிந்த பின்னரே மறுபூச்சு இடவேண்டும். அவசரப்படின் உள்ளே வெண்மை தங்கிவிடும். கப்பலை இக்கட்டத்தில் குழியுட் பொருத்தி, விலாவை ஒட்டிய இடைவெளியை ஜெல்லால் நிரப்புக.

சிலர் இதற்கு எபாக்சி ரெசினை ஊற்றுவர். அமைதியான துறைமுகத்தையோ ஆழந்தெரியும் நீரையோ காட்டுதற்கு அது பொருந்தும். ஆயினும் கனமாக ஊற்றினால் தானே சூடேறி நுரைப்பலகையைச் சிதைக்கும்; வெயிலிற் பழுக்கும்; கைத்தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கு செய்யும்; கையுறையும் காற்றோட்டமும் இன்றிக் கையாளலாகாது. அன்றியும், கப்பலின் விலாவில் அது இரண்டு மில்லிமீட்டர் ஏறி நின்றுவிடும். நம் அளவில் அது எழுபது சென்டிமீட்டர் உயரமாக நீர் விலாவில் தொற்றி நிற்பதாகும். ஓடுங் கப்பலுக்கு ஜெல்லே ஏற்றது.

நுரை

ஈற்றில் வருவது நுரை. கைவண்ணம் கெடுவதும் இங்கேதான். பஞ்சின் ஓர் இழை, மயிரினும் மெல்லியதாயினும், நம் அளவிற் கயிறாகத் தோன்றும். ஆகவே அணியத்தில் பஞ்சைத் திரித்து வைத்தல் கூடாது. வேண்டின் காற்றாற் பறக்குமளவு பிரித்தெடுத்த சில இழைகளை ஜெல்லில் தோய்த்து வைக்கலாம். மற்றையவற்றுக்கு ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெண்ணிறம் எடுத்து, முகடுகளின் நுனியை மட்டும் தொட்டுச் செல்லுதலே போதும். அணியத்து அலை அணியத்தின் முன்னே நில்லாது, அதற்குச் சற்றுப் பின்னே விலாவில் எழும். 12 கடல் மைல் வேகத்தில் அது எவ்வாற்றானும் இரண்டு மீட்டரை, அதாவது ஆறு மில்லிமீட்டரை, விஞ்சாது. அதனைக் கணவாய் பிளந்த வெள்ளம்போலக் காட்டுவோர் தம் கப்பலுக்கு இல்லாத வேகத்தைக் கடன் கொடுத்தவராவர்.

பேழையும் பாதுகாப்பும்

முடிந்த காட்சியைக் கண்ணாடிப் பேழையுள் வைக்க. தூசி படிந்த கடல் சேறாகிவிடும். நம் நாட்டு வெப்பத்தில் நேர்வெயில் படாத சுவரோரம், காண்போரின் மார்பளவு உயரத்தில் வைப்பது தக்கது. பூச்சிக்கு அஞ்சிப் பேழையுள் பாச்சை உருண்டைகளை இடும் வழக்கம் சிலரிடம் உண்டு. நாப்தலீன் ஆவி நுரைப்பலகையையும், கப்பல் மாதிரிகளிற் பெரும்பாலனவற்றின் பிளாஸ்டிக்கையும் இளக்கி அழித்துவிடும். ஆதலின் அதனை அறவே விலக்குக.

பேழையின் அடியிற் பொருத்தும் சிறு தகட்டில் கப்பலின் பெயரை மட்டும் எழுதுதல் போதாது. காலம், இடம், செல்திசை, வேகம், காற்று, அளவு ஆகிய யாவற்றையும் எழுதுக. அவற்றுள் வரலாற்றினின்று எடுத்தன இவை, நாமே கொண்டன இவை என்றும் பிரித்தெழுதுக. இத்தகடில்லாத பேழை அலங்காரப் பொருள். தகடுள்ள பேழை ஒரு நூல்.

முடிவுரை

எம்டனிடத்து ஒரு விந்தை உண்டு. அதன் மாலுமிகள் கித்தான் துணியையும் மரச்சட்டங்களையும் கொண்டு நான்காவது புகைபோக்கி ஒன்றைச் செய்து வைத்திருந்தனர். வேண்டும்போது அதனை எழுப்பினால், மூன்று புகைபோக்கிகளையுடைய எம்டன், தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு நான்கு புகைபோக்கிகளையுடைய ஆங்கிலக் கப்பலாகிய யார்மத் போலத் தோன்றும். அதுவும் ஒரு மாதிரியே. மரமும் துணியும் கொண்டு அளவு பிறழாது செய்த மாதிரி. ஆனால் அதன் நோக்கம் கண்ணை ஏமாற்றுதல். நம் மேசைமேல் எம்டனைச் செய்வோர் அப்பொய்ப் புகைபோக்கியையும் செய்து நிறுத்தலாம். அதன்கீழ்க் கொதிகலன் இல்லையாதலின், நிலக்கரிப் புகை மற்றை மூன்றினின்றுமே எழுவதாகக் காட்டுவர். பொய்யைப் பொய்யென்று தெரியும்படி காட்டுதலும் மெய்யே.

மாணவ நண்பர்களே! இதற்கு இத்துணைக் கணக்கு எதற்கு என்று நீவிர் வினவலாம். சென்னையிலே அன்றிரவு குண்டொலி கேட்டு அஞ்சினோரும், துறைமுகத்தில் மாண்டோரும், பின்னர்க் கீலிங் தீவில் மாண்ட ஜெர்மானிய இளைஞரும் உண்மையில் வாழ்ந்தவர். அவர்களைச் சுமந்த கப்பலையும் கடலையும் பொம்மையாக்கிவிட்டால் அவர்களது வாழ்வும் சாவும் பொம்மைக்கதையாகிவிடும். மூன்று மில்லிமீட்டர் அலையை மூன்று மில்லிமீட்டராகவே செதுக்கும் பொறுமை, நடந்ததை நடந்தவாறே சொல்லும் நேர்மையின் ஒரு கூறு. அதனைக் கற்றுக்கொள்வதற்கு ஒரு பலகையும், ஒரு கத்தியும், சில வாரத்து மாலைப்பொழுதுகளுமே வேண்டுவன. கோடை விடுமுறையில் கடற்கரைக்குச் செல்வோர் முதற்பாடத்தை அங்கேயே தொடங்கலாம்: துறைமுகத்தினின்று வெளியேறும் ஒரு கப்பலின் விலாவை நோக்கி, முகடுகளை எண்ணுக.